தேவலருக்கு முந்திய காடு

சௌடையா டவுனிலிருந்து சாயம் வாங்கி வந்தார். சாயத்தைவிட அதைச் சுற்றியிருந்த காகிதம்தான் வீட்டைக் கலக்கியது. ஏதோ வெள்ளைக்காரப் புத்தகத்திலிருந்து கிழித்த ஏடு. மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அச்சடித்த படம். அடர்ந்த காடு, நடுவே ஓடை. கரையில் ஆணும் பெண்ணுமாக ஆறேழு பேர், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல். கீழே 1871 என்று போட்டிருந்தது.

அவர் மனைவி லிங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பிப் பார்த்தாள். தறிக்காரர் பெண்டாட்டி அல்லவா, கண் முதலில் துணியைத்தான் தேடியது. குளிக்க வந்தவர்கள் கழற்றிய உடுப்பை எங்கே வைத்தார்கள்? பாறைமேல் இல்லை. கிளையிலும் இல்லை. ஒருத்தி ஆம்பளை பக்கத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாகத் தலை கோதிக்கொண்டிருந்தாள். இவளுக்கு வெட்கமே வராதா என்று லிங்கம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீடு கூட்டும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

சௌடையா யோசித்து யோசித்து விடை கண்டுபிடித்துவிட்டார். ஆதியில் தேவரும் மனிதரும் உடுக்கத் துணியில்லாமல் திரிந்தார்கள், அவர்கள் மானம் காக்க தேவலமுனிவர் நூலோடு வந்து நெய்து கொடுத்தார், அவர் வழிவந்தவர்கள்தான் நாம் என்பது அந்த நெசவாளர் தெருக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் இது தேவலர் வருவதற்கு முந்திய காடு! படத்துக்குச் சட்டம் போட்டு, குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

வெள்ளிக்கிழமை மகள் சுப்புலட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம், கைவிட்டுப் போனால் இன்னொன்று அமைவது கஷ்டம். அன்றைக்கு மட்டுமாவது படத்தைக் கழற்றும்படி லிங்கம்மாள் கெஞ்சினாள். குலப்பெருமையை ஒளித்து வைப்பதா என்று அவர் மறுத்துவிட்டார்.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. யுத்தமும் சர்க்கார் கண்ட்ரோலும் வந்து நூல் கிடைக்காமல் போனதிலிருந்து, தாய்க்கும் மகளுக்கும் நாலு பேர் முன்னால் கட்ட ஒரே சேலைதான். வெள்ளிக்கிழமை அதை மகள் கட்டியாக வேண்டும். அடுத்த வீட்டில் இரவல் வாங்கினால், வருகிறவர்களும் நெசவாளிகள், இது இன்னார் தறிச் சேலை என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். ஒட்டுப்போட்ட கந்தலோடு அடுப்படியிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சென்னய்யா, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்தார். சௌடையா பெருமையாக விளக்கம் சொன்னார். சென்னய்யா கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே. எங்க அய்யாவே அப்பத் தறியில இருந்தாரு. தேவலர் இதுக்கு அப்புறமா வந்தாரு?"

சௌடையாவும் கிட்டப் போய் அந்த எண்ணைப் பார்த்தார். காரியம் கெட்டது என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் லிங்கம்மாளுக்குப் பதறியது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். திறந்துவிட்டாள்.

"அது அச்சடிச்ச வருசமா இருக்கும். எங்க வீட்டு ராமர் படம் போன வருசம் அச்சடிச்சது. ராமர் போன வருசமா பொறந்தாரு?"

சென்னய்யா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி தங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு விவரமாகப் பேசுகிறவர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டாள். தலைவலி என்றார் சௌடையா. அப்படியானால் நானே பார்க்கிறேன் என்று எழுந்து அடுப்படிக்குள் வந்துவிட்டாள்.

லிங்கம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிழிசலை மறைக்க இரண்டு கை போதவில்லை. தங்கம்மாள் மேலும் கீழும் பார்த்தாள், பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள்.

"என் மூத்த மருமக நானும் வாரேன்னு நின்னா" என்றாள் மெதுவாக. "எங்க ரெண்டு பேருக்கும் வெளிய கட்டிட்டு வர இந்த ஒரு சேலைதான். உங்க பொண்ணும் வந்தா மூணு பேராயிரும் மதினி. யோசிச்சுச் சொல்லுங்க."

லிங்கம்மாள் கையை எடுத்தாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? பக்கத்தில் தயாராக இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துத் தங்கம்மாள் கையில் வைத்தாள்.

"என்னால வெளிய வர முடியாது. சம்மதம்னு தட்டு மாத்துறப்ப, பொண்ணு வீட்டுத் தட்டையும் நீங்களே குடுத்துருங்க மதினி."