ஏழாவது தட்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அக்கா மகள் சொன்னது. உயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவள் பெயர் ‘துருவி’. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஆய்வகத்தின் சன்னல் வழியே வெயில் மெல்ல—’

(வேண்டாம். அந்த அறைக்குச் சன்னலே இல்லையாம்.)

2

ஆய்வு நெறிமுறைப் பயிற்சி, பன்னிரண்டு மணி நேரம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கூடப் படிப்பவர்கள் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார்கள். துருவியும் கடனே என்றுதான் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் பாடத்தில் ஒரு கேள்வி: ‘காரணத்தைப் பதிவு செய்யாமல் ஓர் அளவீட்டை நீக்கலாமா?’ பச்சைக் குழந்தைக்கும் விடை தெரியும். அவள் விரல்தான் மவுஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது.

பத்துத் தட்டுகளில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து மருந்து கொடுத்த சோதனை அவளுடையது. ஒன்பதில் மருந்து வேலை செய்தது. ஏழாவது மட்டும் முரண்டு பிடித்தது. “கெட்டுப்போன தட்டு, விட்டுடு” என்றார் நெறியாளர். விட்டாள். அது கெட்டுப்போனதற்கு ஆதாரமாக நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சோதனையை வைத்து எழுதிய கட்டுரையோ ஓர் ஆய்விதழில் அடுத்த மாதம் வெளிவர இருந்தது.

(இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். “நான் எங்க சித்தி அழுதேன்? எனக்குப் பசிச்சுது” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

சாப்பிட்ட கையோடு நெறியாளர் அறைக்குப் போனாள்.

“சார், ஏழாவது தட்டு கெட்டுப்போச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“மத்த ஒன்பதும் சரியா வந்துச்சே.”

“அது காரணம் இல்ல சார். நம்ம ஆசை.”

“கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கம்மா. இப்பப் போய்க் கிளறினா உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் வந்தேன்.”

4

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எரிந்து விழுகிறார். இன்னொன்றில் கண் கலங்கி அவளை வாழ்த்து—

(இரண்டும் பொய்.)

அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். அந்த ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் தட்டத் தொடங்கினார். ‘மாணவி ஓர் அளவீட்டை நீக்கிவிட்டார்’ என்று அடித்தார். நிறுத்தினார். அழித்தார். ‘நான் நீக்கச் சொன்னேன்’ என்று மாற்றினார்.

5

இப்போது துருவி புதிதாகப் பத்துத் தட்டுகள் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும்.

“மருந்து வேலை செய்யுமாடி?” என்றேன்.

“எனக்கெப்படித் தெரியும்? நீயா எதையாவது எழுதிடாத சித்தி.”

எழுதவில்லை. பொறுக்க முடியாதவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஊகம் என்று மட்டும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.