கோணி ஊசி

கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த நாளிலிருந்து மாமியாருக்குக் காலையில் ஒரு பரீட்சை. தையல் மிஷின் முன்னால் உட்காருவாள். பின்னால் நிற்கும் மருமகள், இன்னும் அறுவை செய்யாத, புரை முற்றிய இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்த வேண்டும். புதுக்கண்ணால் மட்டும் பார்த்து மாமியார் கை ஊசியில் நூல் கோப்பாள்.

"பாத்தியாடி? இனிமே உன் சோத்துல கிடக்கிற கல்லு ஒண்ணுகூடத் தப்பாது."

சில வாரத்தில் அந்தக் கண் சிவந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, சிவப்புத் திரும்பினால் உடனே வரச் சொன்னார்கள். திரும்பியதாகத் தெரியவில்லை. நூலும் தவறாமல் ஊசியில் ஏறியது. சொட்டு மருந்துதான் சீக்கிரமே தீர்ந்தது. சாய்ந்து கொட்டிவிட்டது என்றாள் மாமியார். எதையும் சந்தேகப்படுவது தன் புத்தி என்று மருமகள் தன்னையே கடிந்துகொண்டு, புதுக்குப்பி வாங்கி வந்தாள்.

ஒருநாள் கண்ணைப் பொத்தியபடி நின்றவளுக்கு ஊசியின் காது தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே, பளிச்சென்று. குனிந்து பிடுங்கினாள். மூட்டை தைக்கிற கோணி ஊசி.

"அத்தை, இது எப்பலேர்ந்து?"

"நடுவுல பஞ்சு பறக்கிற மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துச் சட்டையெல்லாம் தைச்சு முடிச்சுட்டுச் சொல்லலாம்னு..."

"சிவக்கலையா?"

"சிவக்கும். சொட்டு விட்டா அடங்கிடும். அடங்கிடுதே, அப்புறம் என்ன?"

டாக்டர் விளக்கைக் கண்ணில் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளையா இருக்கு. பூஞ்சைன்னு நினைக்கிறேன். ரொம்ப அபூர்வமா வரும். இந்தச் சொட்டு சிவப்பை மட்டும் அடக்கும்மா. அது வளர்றதுக்கு வழி விட்டுடும். இப்பவே கண்ணுக்குள்ள இருந்து நீர் எடுத்துப் பாத்து, மருந்து ஏத்தணும்."

"பார்வை?" என்றாள் மருமகள்.

அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

அறுவை அறைக்கு வெளியே, மங்கலான தாழ்வாரத்தில் பெஞ்சு கிடந்தது. மாமியார் முந்தானையிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள். வீட்டிலிருந்தே குத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பொத்துடி. ஒரு தடவை பாத்துடுறேன்."

மருமகள் இடக்கண்ணைப் பொத்தினாள். நூல் ஊசிக்குக் கிட்டேகூடப் போகவில்லை.

"கூறு கெட்டவளே, ரெண்டு கண்ணையுமா பொத்துவாங்க? ஒண்ணை எடு."

மருமகளின் இன்னொரு கை மாமியாரின் தோளில் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.