விரிப்பில் விழாத வெள்ளை

“அப்பா வெட்டும்போது கீழ விரிப்பைப் புடிச்சது நீதானே? வெள்ளைக்கல்லு எவ்வளவு விழுந்துச்சு?” என்று சுரங்கத்தைச் சோதிக்க வந்திருந்த பாறை ஆய்வாளர் மேடம் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். வீட்டில் அவளுக்குப் பூனை என்று பேர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சத்தமில்லாமல் நடமாடியே பழகிவிட்டவள்.

“பூனைகிட்டப் போய்க் கேக்குறீங்களே மேடம். அது பசிச்சாக்கூட வாயத் திறக்காது” என்று அத்தான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

அத்தான், அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெகுகாலமாக மூடிக்கிடந்த சுரங்கத்திலிருந்து சோதனைக்கென்று அப்பா வெட்டிக் கொடுத்த கல் மாதிரியில், பழைய கம்பெனி கண்டதைப்போல மூன்று மடங்கு தங்கம் இருப்பதாகச் சோதனைச்சாலை சொல்லியிருந்தது. பஸ் வேலையை விட்டுவிட்டு மாமனாரோடு சுரங்கத்தில் இறங்குவதென்று அவர் முடிவுகட்டிவிட்டார். திங்கட்கிழமை போய் ராஜினாமா எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. அக்கா மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்று முணுமுணுத்துப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா அந்தச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கம்பெனி மூட்டை கட்டியதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. பொன்னை வைத்துக்கொண்டு போனவர்கள் என்று திட்டிக்கொண்டேதான் முகம் கழுவுவார்.

மேடத்துக்கு அந்த மூன்று மடங்கு உறுத்தியது. இன்னொரு மாதிரி வெட்டுவோம், நானும் வருகிறேன் என்றார். அப்பா தாராளமாக வரச் சொன்னார். பூனைதான் விரிப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

போன தடவை அப்பா வெட்டியதை அவள் பார்த்திருந்தாள். சுரங்கச் சுவரில், சாம்பல்நிறப் பாறைக்கு நடுவே ஒரு கை அகலத்தில் வெள்ளைக்கல் பட்டை ஓடுகிறது. அதன் இரண்டு ஓரமும் துருவேறிப் பழுப்பாய்ப் பொத்தல் பொத்தலாக இருக்கும், தொட்டால் உதிரும். தங்கம் இருப்பது அந்த ஓரங்களில். நடுவில் உள்ள வெள்ளை வெறும் கல், உளி பட்டால் பொறி பறக்கும். மாதிரி என்றால் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே ஆழத்தில் வாய்க்கால்போல வெட்டி, விழுவதையெல்லாம் விரிப்பில் ஏந்த வேண்டும். நாளைக்குத் தோண்டும்போது வெள்ளையையும் சேர்த்துத்தானே அள்ளியாக வேண்டும். மாதிரியில் வெள்ளை குறைந்தால் தங்கம் கூடியதுபோலக் கணக்கு வரும்.

ஆனால் அப்பாவின் உளி பழுப்பில் ஆழமாக இறங்கியது, வெள்ளையில் மேலோடு தடவிவிட்டுப் போனது. அவர் கைக்கு அது தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சொன்னால் அப்பா பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் அத்தான் வேலையை விட்டுவிடுவார்.

சனிக்கிழமை எல்லோரும் சுரங்கத்துக்குப் போனார்கள். மேடம் சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதிரிக்கு இடம் பார்க்க இன்னும் உள்ளே தள்ளிப் போனார். அத்தான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் விரிப்பை ஏந்தினாள்.

“மாமா, தங்கம் வந்ததும் முதல்ல உங்க ஓட்டைப்பல்ல அடைச்சிடுவோம்” என்றார் அத்தான். அப்பா அந்த ஓட்டைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே அடித்தார். பழுப்பு பொலபொலவென்று கொட்டியது. வெள்ளையில் உளி வழுக்கியது.

“அப்பா.”

சுத்தியல் நின்றது. அவள் கூப்பிட்டதே அவர்களுக்கு அதிசயமாக இருந்தது.

“வெள்ளையில இன்னும் ஆழமா அடிங்கப்பா.”

“அது கெட்டிக் கல்லும்மா.”

“தெரியும்பா. பழுப்புல விரல் முழுக்க இறங்குது. வெள்ளையில நகம்கூட இறங்கல. போன தடவையும் இப்படித்தான்.”

அப்பா அவளைப் பார்க்கவில்லை. உளியை வெள்ளையில் வைத்து ஓங்கி அடித்தார். திரும்பத் திரும்ப, மூச்சு வாங்க, நடுப்பட்டை ஓரங்களின் ஆழத்துக்கு வரும்வரை அடித்தார். விரிப்பின்மேல் வெள்ளைத் துண்டுகள் விழுந்து பழுப்பை மூடின. கனம் கூடக்கூட அவள் விரிப்பை இறுக்கிப் பிடித்தாள். பாதியிலேயே அத்தானின் சிரிப்பு வற்றிவிட்டது. அவர் டார்ச்சை விரிப்பின்மேல் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“திங்கட்கிழமை நான் வழக்கம்போல வண்டி எடுக்கப் போறேன், மாமா” என்றார். பக்கத்தில் நோயாளி படுத்திருப்பதுபோலக் குரல் தணிந்திருந்தது. “உங்க பெரிய மககிட்டயும் சொல்லிடுறேன்.”

அப்பா திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் உளியையும் சுத்தியலையும் சுவரோரம் வைத்தார். கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்தார். வெளிச்சம் காட்ட அத்தான் திரும்புவதற்குள், இருட்டிலேயே வாசலை நோக்கி நடந்து போனார்.