வரிசைக்கு ஒருவர்

பொழுது புலரும் முன்பே எங்கள் கூடத்தில் இருநூறு மவுஸ்கள் கடகடக்கத் தொடங்கிவிடும். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் காருக்கு நாங்கள்தான் கண் கொடுக்கிறோம். திரையில் வரும் தெருப்படங்களில் ஆள், நாய், வண்டி, மூட்டை என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். படத்துக்கு ஒன்பது நொடி. ஏசிக் குளிர் எலும்புவரை இறங்கும். மணிக்கட்டு மட்டும் எரியும். ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் சொன்னதே சரி. மாறிச் சொன்னவருக்கு மார்க் குறையும்.

அந்தத் திங்கட்கிழமை சுவர்த்திரையில் கம்பெனித் தலைவர் தோன்றினார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். வேகமா ஓடணும்னா கொஞ்சம் மெலியணும். அதுதான் நம்ம புது வியூகம்."

வியூகத்துக்கு மேற்பார்வையாளர் பொருள் சொன்னார். பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு வரிசையிலும் கடைசி மார்க் எடுப்பவர் வெள்ளிதோறும் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

"மெலியறதுக்கு நம்ம வயிறுதான் கெடச்சுதா?" என்று முணுமுணுத்தார் பக்கத்து இருக்கை மொட்டை மாமா.

என் வரிசையில்தான் அண்ணியும் இருந்தார். அண்ணன் முதுகு உடைந்து படுத்த பிறகு வீடு எங்கள் இருவர் கையில் ஓடியது. அப்படியும் அந்த வாரம் முழுக்க ஒருவர் மார்க்கை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் அண்ணியிடம் வந்து நின்றார். "நீங்கதான் கடைசி. இந்தப் படத்துலதான் மார்க் போச்சு."

திரையில் ஒரு நடைபாதை, சுவரோரம் ஒரு சாக்குக் குவியல். அண்ணி 'ஆள்' என்று குறித்திருந்தார். மற்ற இருவர் 'மூட்டை'.

"சாக்குக்கு வெளிய கால் தெரியுது சார். கார் மேல ஏறிடுமே."

"ரெண்டு பேர் மூட்டைன்னா மூட்டைதான்."

அந்தப் படம் எனக்கும் வந்திருந்தது. கால் என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்றுதான் யோசித்திருப்பேன். வாயைத் திறந்தால் என் சீட்டு கிழியும், மூடிக்கொண்டால் அண்ணியின் சீட்டு.

எழுந்தேன். "மூட்டைன்னு போட்டது நான் சார். தப்பு என்னோடது."

"அப்போ நீங்க கிளம்புங்க. எனக்கு ஒருத்தர் போதும்."

"உக்காருடி," என்று அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

மொட்டை மாமாவும் எழுந்துவிட்டார். "இன்னொரு மூட்டை என்னோடது."

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒருத்தர்தான் போகணும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. பத்து நிமிஷம்."

பேசினோம். "இன்னிக்கு ஒருத்தர் போனா, அடுத்த வெள்ளி யாரு?" என்று மாமா கேட்டார். பத்துப் பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்தோம்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். "முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டோம் சார்," என்றார் அண்ணி. "பத்துப் பேரும் கடைசி."

"வெளிய ஆயிரம் பேர் காத்திருக்காங்க, தெரியுமில்ல?"

"தெரியும். நாங்களும் அங்கேருந்துதான் வந்தோம்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனார். மாலைக்குள் எங்கள் பத்து அடையாள அட்டைகளையும் பிடுங்கிக்கொள்ளலாம்.

பின் வரிசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா ஆச்சு?"

அண்ணி திரையை அவள் பக்கம் திருப்பி, சாக்குக்கு வெளியே நீண்டிருந்த காலைத் தொட்டுக் காட்டினார். அவள் ஒன்பது நொடிக்கு மேலேயே பார்த்தாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.