சத்தாரின் குதிகால்

ஆற்று மணல் தானாக வந்து கரையில் குவிகிறது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் படகில் ஏறிப் பார்க்கட்டும். இருபதடிக் கழி, அதன் நுனியில் இரும்புக் கூடை. அதை ஜீலம் நதியின் அடிவரை இறக்கி, மணல் இருக்கும் இடம் பார்த்து அழுத்துவது என் வேலை. கூடையில் கட்டிய கயிற்றை இழுத்து மேலே கொண்டுவருவது சத்தாரின் வேலை. சத்தார் என் மனைவி முக்தாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே படகு, ஒரே சண்டை.

ஆற்றின் அடியை யார் பார்க்க முடியும்? கழி பிடிப்பவன் கைதான் கண். மணல் என்றால் கழியில் நறநறவென்று ஏறும், களிமண் என்றால் ஊமையாக இருக்கும். அந்த வித்தியாசம் தெரியாதவனுக்குப் படகில் இடமில்லை.

எனக்கு அது தெரியாமல் போய் இரண்டு வருஷமாகிறது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் விரல்கள் மரத்தன. பிறகு கோடை வந்தும் உணர்ச்சி திரும்பவில்லை. உப்புத் தேநீர் சுடுகிறதா என்பதை உதட்டில் வைத்துத்தான் அறிகிறேன். முக்தாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில், வேறு எந்த வேலையும் தெரியாத நான், அங்கிக்குள் கணப்புச் சட்டியை அணைத்துக்கொண்டு நாள் முழுக்க எங்கே போய் உட்காருவது?

ஆனாலும் மணல் வந்துகொண்டுதான் இருந்தது. கழியை இறக்கித் துழாவுவேன். ஏதோ ஒரு நொடியில் ‘இங்கேதான்’ என்று மனசு சொல்லும். விரல் போனாலும் அனுபவம் போகவில்லை என்று உள்ளுக்குள் பெருமைகூட.

எரிச்சல் எல்லாம் சத்தார்மேல்தான். அவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அவ்வப்போது குதிகாலால் பலகையை டொக்கென்று ஒரு தட்டு தட்டுவான். மீனெல்லாம் ஓடுகிறது என்று திட்டுவேன். நாம் என்ன மீனா பிடிக்கிறோம் என்பான்.

முந்தாநாள் அவன் தன் மகளைப் பிரசவத்துக்காகப் பாராமுல்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். நேற்றும் வரவில்லை. கயிறு இழுக்கப் பக்கத்து வீட்டு லஸ்ஸா வந்தான். சாதுவான ஆள், வாயும் திறக்கவில்லை, காலும் அசைக்கவில்லை. நான் துழாவினேன். மனசு ஒன்றும் சொல்லவில்லை. எதற்கோ காத்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. கடைசியில் குத்துமதிப்பாக அழுத்தினேன். வந்தது களிமண். ஆற்றிலேயே கொட்டிவிட்டு இடம் மாற்றினோம், மறுபடியும் களிமண். சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது படகின் ஒரு மூலையில்தான் மணல் இருந்தது. மணல் ஏற்ற வந்த லாரி எங்களுக்காக நிற்காமல் போய்விட்டது. ஆற்று மணல் இடம் மாறியிருக்கும் என்று லஸ்ஸா பெரிய மனசோடு சமாதானம் சொன்னான்.

கரை சேர்ந்ததும் அவன் இறங்கினான். இறங்கும்போது அவன் குதிகால் பலகையில் டொக்கென்று பட்டது.

என் கைகள் தாமாகக் கழியை அழுத்தின.

அப்போதுதான் புரிந்தது. மனசாவது, அனுபவமாவது. அவமானத்தில் காது சுட்டது.

இன்று காலை சத்தார் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தான். நான் படகில் ஏறாமல் கரையிலேயே நின்றேன்.

“வேற ஆளைப் பாத்துக்க சத்தார். என் கை செத்துப்போச்சு.”

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “தெரியும் மச்சான். கயிறு என் கையிலதானே இருக்கு. மணல் அதுலயும் நறநறங்கும்.”

“இத்தன நாளா ஏண்டா சொல்லல?”

“சொன்னா எறங்கிப் போயிருவீங்க. அப்புறம் என்னை யாரு திட்டுறது?”

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. ஏறிக்கொண்டேன்.

நடு ஆற்றில் கழியை இறக்கித் துழாவினேன். டொக். அழுத்தினேன்.

“காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடா” என்றேன். “மீனெல்லாம் ஓடுது.”