கூரையான கால்

1964இல் தாராவியில் பேராச்சியின் குடிசைக்கு மேல் தகரத்துக்குப் பதிலாக ஒரு வலது கால் இருந்தது. குதிகால் கிழக்கே, விரல்கள் மேற்கே.

அவள் புருஷன் வானமாமலை, தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து செத்தவன். வெளியே தூக்கிப் போட்டபோது, மூச்சிருக்கிறதா என்று மேஸ்திரி பூலோகம் காலால் புரட்டிப் பார்த்தார். பேராச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட அழ ஊரிலிருந்து யாரும் வரவில்லை. தனியாக உட்கார்ந்து தானே ஓர் ஒப்பாரி கட்டினாள். "என் கூரை ஒரு காலு, நான் இருக்கேன். உச்சியில மிதிக்கி, நான் இருக்கேன்" என்று போனது பாட்டு. பாடிவிட்டு நிமிர்ந்தால் தகரத்தைக் காணோம். அதே நேரத்தில் பூலோகத்தின் வலது கால் கணுக்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. ரத்தமில்லை, வலியில்லை.

பகலெல்லாம் அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாயங்காலம் அவள் பாடப் பாட, ஒவ்வொரு 'இருக்கேனு'க்கும் ஒரு விரற்கடை உயரும். பாடாவிட்டால் மறுநாள் குனிந்துதான் சோறு பொங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பயந்து வேறு சந்துகளுக்குப் போய்விட்டார்கள். குழாயடியில்கூட அவளோடு யாரும் பேசவில்லை.

பூலோகம் கோலூன்றி மாட்டுங்காவுக்குப் போனார். அங்கே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே இலக்கணம் சொல்லிக்கொடுத்த வேங்கடசுப்ரமணியன், பூலோகம் சொல்லப் பாட்டைக் கேட்டார். கூரையைக் கால் என்றே சொன்னதால் அது உருவகம், 'கால் போல' என்று மாற்றினால் உவமையாகிவிடும், கால் உம்மிடம் திரும்பிவிடும் என்றார். 'இருக்கேன்' என்பதை மட்டும் எடுக்கச் சொல்லாதேயும், அவள் நிற்பதே அதில்தான் என்றார்.

பூலோகம் பேராச்சியின் வாசலுக்கு வந்தார். பல மாதங்களில் அங்கே வந்த முதல் ஆள். அவள் பலகை போட்டு உட்காரச் சொன்னாள். சீக்கிரம் போய்விடுவாரோ என்று டீயை மெதுவாக ஆற்றினாள்.

"ஒரு 'போல' தானம்மா. போட்டா என்ன?"

"போல இல்ல அண்ணாச்சி. காலுதான்."

அவர் அண்ணாந்து அந்தக் காலைப் பார்த்தார். "அன்னைக்கு நான் கையால தொட்டுப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு எதுவும் கேட்காமல் எழுந்து போனார். அம்பர்நாத்தில் ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலமும் பேராச்சி ஒரு சொல் மாற்றாமல் பாடினாள்.

1968இல் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் சில காலியான சந்தில் குடியேறின. வாடகை குறைவு என்பதால் காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. சுண்டுவிரலில் கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். ஒருநாள் மழை தூறியது. பேராச்சி அந்தத் துணிகளை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்டு வரட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தாள்.