சரிபார்த்தேன் என்ற வரி

எங்கள் இயங்குதளத்தை யாரும் விற்பதில்லை. அதற்காக யாருக்கும் சம்பளமும் இல்லை. வேறு பிழைப்பு உள்ளவர்கள் மிச்ச நேரத்தில் கட்டுவது. அதில் நாற்பத்து மூன்று மென்பொருள்களின் பில்ட் ஃபைல்கள் என் பொறுப்பு. ஒரு மென்பொருளின் மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எப்படிக் கட்டுவது, துணைக்கு எவையெல்லாம் வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சின்னக் கோப்பு அது. ஆறு வருடமாகப் பார்த்துவருகிறேன். "உனக்குக் குழந்தை ஒண்ணு, கோப்பு நாப்பத்து மூணு" என்பது என் கணவரின் கேலி.

ஒவ்வொரு கோப்பிலும் செக்சம் என்று ஒரு நீண்ட எண் இருக்கும். இறக்கிய மூலநிரலில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் பொருந்தாது, வேலை நின்றுவிடும். நின்றால் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, என்ன மாறியது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பிறகு இன்னொருவர் 'சரி' சொன்னால்தான் புது எண் உள்ளே போகும். நான் பார்த்தேன் என்று எழுதிவிட்டால் அவர் மறுபடி பார்ப்பதில்லை. குழுவில் அப்படித்தான் பழக்கம்.

படங்களைச் சுருக்கும் மென்பொருள் ஒன்று. அதை எழுதிய புண்ணியவான் பதிப்பு எண்ணை மாற்றாமலே எழுத்துப்பிழைகளைத் திருத்திப் பழைய பெயரிலேயே ஏற்றிவிடுவார். மூன்று முறை செய்திருக்கிறார். போன செவ்வாய் காலை, நான்காவது முறையாகச் செக்சம் பொருந்தவில்லை. இவருக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு எரிச்சல். அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம் வேறு. புது எண்ணை எழுதும் கட்டளையைத் தட்டினேன். "வழக்கம்போல் எழுத்துப்பிழைதான். சரிபார்த்தேன்" என்று குறிப்பு எழுதி, பல் டாக்டருக்கு அனுப்பினேன்.

பல் டாக்டர் நிஜமாகவே பல் டாக்டர்தான். மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எங்கள் கோப்புகளைப் பார்ப்பவர். 'சரி' என்றார். அன்று மாலையே அது இயங்குதளத்தைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் போய்விட்டது.

சனிக்கிழமை காலை குழுவின் பொது அஞ்சலில் செய்தி வந்தது. அந்தப் புண்ணியவானின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து மூலநிரலை மாற்றியிருக்கிறார்கள். பாஸ்வேர்டுகளைத் திருடி வெளியே அனுப்பும் முப்பது வரிகள். பழையதையும் புதியதையும் அப்போதுதான் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் திரையிலேயே இருந்தது, தேடவே வேண்டியதில்லை.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடப் பழக்கம் அல்லவா. எல்லோரும் பாய்ந்தது பல் டாக்டர் மேல். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். எதைப் பார்த்து 'சரி' சொன்னார், இவரை ஏன் உள்ளே விட்டோம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவரை நீக்குவதா என்று மதியம் முடிவெடுப்பதாகக் குழுவை நடத்தும் தலைமைப் பராமரிப்பாளர் அறிவித்தார்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"க்ளினிக் மெஷின்லயும் அதைத்தான் போட்டிருந்தேன்" என்றார். "எக்ஸ்ரே படமெல்லாம் அதுலதான் சுருக்குறேன். இப்ப எல்லா பாஸ்வேர்டையும் மாத்திட்டு உக்காந்திருக்கேன். பேஷண்ட்டுங்களுக்கு வேற சொல்லணும்."

"குரூப்ல நீங்க ஒரு பதிலும் போடலையே டாக்டர்."

"என்னன்னு போடுறது? உங்களை நம்பித்தான் சரின்னேன்னு எழுதினா, உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்க பாத்தும் கண்ணுல படாம போயிருக்கும். விடுங்க, மனுஷங்கதானே."

நான் பார்க்கவே இல்லை என்பது அவருக்குத் தோன்றக்கூட இல்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீ பாத்தும் தப்பிப்போச்சுன்னு அவரே நெனைக்கிறாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விட்டுடேன்" என்றார்.

"அது யாரோட தலைப்பாகை?"

அவர் மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தார்.

பதினொன்றரைக்குக் குழுவுக்கு எழுதினேன். 'டாக்டர் மேல் தவறில்லை. அவசரத்தில் நான் வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் எழுதினேன்.' 'அவசரத்தில்' என்பதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். தலைமைப் பராமரிப்பாளரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. டாக்டர் பேரில் இனி நடவடிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, "இதற்கு முன் எத்தனை முறை?" என்று கேட்டிருந்தார்.

பழைய குறிப்புகளைத் திறந்தேன். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினாறு இடங்களில் 'சரிபார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் நிஜமாகவே பார்த்தேன். கண் எரிய எரியப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. எப்போது நிறுத்தினேன்? முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எது உண்மை, எது பொய் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

'தெரியவில்லை. நாற்பத்து மூன்றையும் என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள்' என்று பதில் போட்டேன். எடுத்துவிட்டார்கள்.